சட்டைப்பையில் நான்கு ஆணிகள்

நல்ல டிரெய்லர் என்றால், அது பின்னால் வருகிறது என்பதே ஓட்டுகிறவருக்கு மறந்துபோக வேண்டும். நாற்பத்தொரு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாட்டுக்கு, படகுக்கு, வைக்கோல் உருளைக்கு என்று எத்தனையோ செய்து கொடுத்தாகிவிட்டது. ஆடுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை. இதை முதலில் எழுதக் காரணம், அந்த டிரெய்லரில் ஏதோ குறை இருந்ததாக யாரும் நினைத்துவிடக்கூடாது.

ஷெரிஃப், உங்களுக்கு என்னைத் தெரியும். உங்கள் படகு ஏறி நிற்கும் வண்டியும் என் கை வேலைதான். ஆனாலும் முறையாக எழுதச் சொன்னீர்கள். பெயர் ஹார்லன் பிரெக்கே. வயது அறுபத்தெட்டு. மனைவி ஆர்டிஸ் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இரண்டு. நீல்ஸ் அலாஸ்காவில், மார்னா இங்கே. அந்த 'இங்கே' என்ற சொல்லைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

நீல்ஸிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவன் ஒரு டிரெய்லர் கேட்டான். மகன் கேட்கிறானே என்று ஒன்பது நாளில் முடித்துக் கொடுத்தேன். அவ்வளவு வேகமாக நான் எதையும் செய்ததில்லை. கட்டில், பனிச்சறுக்குக் கட்டை, அவனுடைய அம்மா தைத்த போர்வை எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு போனான். இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறான், அதில் ஒன்று ஆர்டிஸ் இறந்தபோது. கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசுவான். அந்த ஒன்பது நாளை நான் இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மார்னா புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். மாலை ஐந்தரைக்கு எங்கள் சரளைக்கல் பாதையில் அவள் வண்டிச் சத்தம் கேட்கும். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பாத்திரத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து எடுத்து வருவாள். மற்ற ஐந்து நாளும் நான் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுகிறவன். மேசையில் தனியாக உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும். பரிதாபப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை, எத்தனை நாள் எப்படிப் போனது என்பதற்காக எழுதுகிறேன்.

மருமகன் ட்ராய் நல்லவன். அவனைப் பற்றிக் குறை சொல்லச் சொன்னால் எனக்கு வராது. தானியக் கிடங்கில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. நான்கு வருடம் தன் கார்க் கொட்டகையிலேயே இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டினான். கொட்டகைக் கதவுக்குள் அடங்க வேண்டுமே, அதனால் இறக்கைகள் கழற்றி மாட்டுகிற மாதிரி. ஒவ்வோர் இறக்கையையும் உடலோடு பிடித்துவைத்திருப்பது இரண்டு உருக்கு ஆணிகள், கட்டைவிரல் தடிமன். மாட்டு வண்டிக்கு அச்சாணி எப்படியோ அப்படி. ஆணி நழுவாமலிருக்க முனையில் ஒரு பூட்டுக் கம்பி. மொத்தம் நான்கு ஆணி, நான்கு கம்பி. மேலே இருக்கும்போது மனிதனுக்கும் மண்ணுக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். அந்த நான்கு ஆணிகளையும் நல்ல உருக்கில் கடைந்து கொடுத்தவன் நான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்ச்சில் ட்ராய்க்கு ஆரிகனில் வேலை கிடைத்தது. விமான உதிரிப்பாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. அவன் அதைச் சொன்ன விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

"விமானத்தையும் கொண்டுபோகணும், ஹார்லன். மலைக்கு மேல அதுல பறந்து போக எனக்குத் தைரியம் இல்ல. நீங்க ஒரு டிரெய்லர் பண்ணிக் கொடுத்தா நல்லாருக்கும். உங்கள விட்டா வேற யார்கிட்டக் கேக்கறது?"

செய்து தருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது. அன்று மாலை அவர்கள் போனபிறகு பட்டறையில் போய் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. பெரிய வார்த்தைகள் வேண்டாம், பயம்தான். நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அங்கிருந்து இங்கே வர வண்டியில் இரண்டு நாள்.

மார்னாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போகாம இருக்க முடியாதாம்மா?"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் வந்துடுங்கப்பா. பின்னால ஒரு அறை இருக்கு. ட்ராய்தான் முதல்ல சொன்னான், அப்பாவுக்குன்னு. பட்டறைய வித்துட்டு வாங்க."

யாருடைய வீட்டிலோ பின்னால் ஓர் அறை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. அவள் போகாமலிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லையே.

ஆகவே டிரெய்லரை மெதுவாகச் செய்தேன். அது ஒன்றும் குற்றமில்லை, பாதி ஊர் அப்படித்தான் வேலை செய்கிறது. முதலில் அச்சு பலம் போதாது என்று அறுத்து எடுத்தேன். பிறகு இறக்கைகளைத் தாங்கும் தொட்டில்கள் கொஞ்சம் குறுகல் என்று பிரித்தேன். தவறான அளவில் பேரிங் வரவழைத்தேன், அது வந்ததும் தவறு என்று திருப்பி அனுப்பினேன். குளிரில் பெயிண்ட் காயாது என்று நான்கு மாதம். ட்ராய் சனிக்கிழமைகளில் வந்து, சட்டத்தைத் தடவிப் பார்த்து, "அருமையா வருது" என்பான். ஆரிகன் பட்டறைக்காரர்களும் பொறுத்தார்கள். பதினான்கு மாதம் ஓட்டிவிட்டேன். பதினான்கு மாதமும் புதன்கிழமைகள் வந்தன.

எங்கள் ஊர் விமானக் களம் ஒரு புல்வெளிதான். அதைப் பார்த்துக்கொள்பவர் வெர்னன். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் களத்தில் பான்கேக் போடுவதும் அவரே. அடுப்புக் கரண்டியை என் பக்கம் நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"ஏம்ப்பா ஹார்லன், நோவா வெள்ளம் வர்றதுக்குள்ள கப்பலையே முடிச்சிட்டாரு. அவருகிட்ட வெல்டிங் மெஷின்கூட இல்ல. உனக்கு ஒரு டிரெய்லருக்கு இன்னும் எத்தன வருஷம் வேணும்?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ட்ராய் மட்டும் சிரிக்கவில்லை. அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஜூன் பதினஞ்சுக்கு மேல வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம். உங்கள நான் கஷ்டப்படுத்த விரும்பல. முடியலன்னா சொல்லிடுங்க, வாடகைக்கு ஒரு பெரிய லாரி எடுத்துக்கறேன்."

லாரி வாடகைக்குக் கிடைக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இத்தனை மாதமும் கதவைக் காலால் அடைத்துக்கொண்டு நின்றேன், பார்த்தால் பக்கத்திலேயே ஜன்னல் திறந்து கிடக்கிறது. மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன்.

இப்போது ஆணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். களத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. டிரெய்லரில் இறக்கையைப் பிடிக்கும் ஆணியும் விமானத்தில் இறக்கையைப் பிடிக்கும் ஆணியும் ஒரே அளவில் இருக்கக்கூடாது. டிரெய்லர் ஆணியைத் தடிமனாகச் செய்து சிவப்பு அடித்துவிடுவார்கள். தப்பித்தவறி விமானத்தில் செருகினாலும் நுழையாது. ட்ராய்க்கு அந்தக் கட்டுப்பாடு நன்றாகவே தெரியும். ஆனால் அதற்கு முந்தின கோடையில் அவன் புல்லில் ஓர் ஆணியைத் தவறவிட்டு, அரை நாள் முழங்காலிட்டுத் தேடினான். வெர்னன் அவனுக்கு 'ஆட்டுக்குட்டி' என்று பெயர் வைத்தார். ஆறு மாதம் களத்துக்குள் அவன் நுழையும்போதெல்லாம் யாராவது ஆடு மாதிரி கத்துவார்கள். அவனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் நான் சொன்னேன்: "விமானத்து ஆணியே டிரெய்லர்லயும் இறக்கையப் பிடிக்கிற மாதிரி பண்ணிடறேன். ஆணி எப்பவும் ஏதாவது ஒரு ஓட்டையில இருக்கும். தொலையவே தொலையாது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இத ஏன் யாரும் இதுக்கு முன்னால யோசிக்கல?" என்றான்.

அவன் கேட்டதற்கு விடை களத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெண் கொடுத்த மாமனார் சொல்கிறார், நாற்பது வருடம் இரும்போடு புழங்கியவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

வேலை செய்யும்போது நல்ல ஆணியைத் துளையில் போட்டு அடிக்கமாட்டோம். சாதா இரும்பில் அதே அளவுக்கு மாதிரி ஆணி கடைந்து, அதை வைத்துத்தான் அளவு பார்ப்போம். இது எல்லாப் பட்டறையிலும் உள்ளதுதான், நீங்கள் விசாரிக்கலாம். நானும் நான்கு கடைந்தேன். சாதா இரும்பு மெத்தென்று இருக்கும். சும்மா நேராகப் பறக்கிறவரை தாங்கும், பெரிய பாரம் வந்தால் விட்டுவிடும்.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை மதியம் நானும் ட்ராயும் இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றினோம். மறுநாள் பான்கேக் சனிக்கிழமை. எல்லார் முன்னாலும் விமானத்தை மாட்டி, ஒரு முறை பறந்து விடைபெற்றுவிட்டு, ஞாயிறு கழற்றி, திங்கள் கிளம்புவது என்று திட்டம். துளைகளில் பெயிண்ட் இன்னும் இளசாக இருந்தது. "நல்ல ஆணி கீறிடும், இங்க கொடு. இன்னிக்கு, மாதிரிக்குக் கடஞ்ச ஆணியப் போட்டு வைக்கிறேன், காலையில மாத்திடறேன்" என்றேன். அவன் நான்கையும் என் உள்ளங்கையில் வைத்தான். பெயிண்ட் இளசாக இருந்தது உண்மை. காலையில் அடித்திருந்தேன்.

அவன் போனபிறகு மாதிரி ஆணிகளை லேத்தில் மாட்டி மெருகேற்றினேன். தலையில் அதே மாதிரி வளையம் வைத்தேன். மாதிரி ஆணிக்கு மெருகு தேவையில்லைதான். சும்மா உட்கார என் கைக்குத் தெரியாது.

சனிக்கிழமை காற்றே இல்லை, இந்தப் பக்கத்தில் அது அபூர்வம். களத்துக்குக் கீழே அணை நீர் கண்ணாடியாகக் கிடந்தது. நாற்பது ஐம்பது பேர் தட்டோடு வந்திருந்தார்கள். நல்ல ஆணிகள் நான்கும் என் சட்டைப்பையில் இருந்தன. கனத்தில் சட்டை ஒரு பக்கம் தொங்கியது, அதனால் மேலே ஜாக்கெட் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டேன்.

ட்ராய் டிரெய்லரைத் திறந்தபடி கேட்டான். "மாத்திட்டீங்கல்ல?"

"ம்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அது ஒரு சொல்கூட இல்லை.

இறக்கை மாட்டும்போது எங்கள் களத்தில் யாரும் பேசக்கூடாது. செருகுகிற கை வேறு, சரிபார்க்கிற கை வேறாக இருக்க வேண்டும். சரிபார்ப்பவர் ஒவ்வோர் ஆணியையும் அதன் கம்பியையும் தொட்டு உரக்கச் சொல்ல வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்குவார்கள். வெர்னன்கூட அப்போது அடுப்பைத் தணித்துவிட்டுச் சும்மா நிற்பார். அன்று செருகியவன் ட்ராய், சரிபார்த்தவள் மார்னா. நான்கு முறை தொட்டாள். நான்கு முறை "இருக்கு" என்றாள். இருந்தன.

நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். பேசியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பேசக்கூடாது என்பது வழக்கம், இருபது வருடமாக நான் அதை மீறியதில்லை.

இறக்கை முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள், உறுதியாக நின்றது. மார்னா ஏறி உட்காரப் போனாள்.

"மார்னா, சிரப் டப்பா என் வண்டியிலயே இருக்கும்மா. வெர்னன் அரை மணி நேரமாக் கேட்டுக்கிட்டிருக்காரு. எடுத்துக் கொடுத்துட்டு வந்துடேன்."

"திரும்பி வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் ட்ராய். அவள் வண்டியை நோக்கி நடந்தாள். நான் விமானத்தின் பக்கமாகக் குனிந்து அவனிடம், "செங்குத்தா ஒண்ணு ஏறுவியே, கடைசியா ஒரு தடவ அதச் செஞ்சு காட்டு. எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

"வெர்னன் இனிமே ஆட்டுக்குட்டின்னு கூப்பிடக்கூடாது, அவ்வளவுதானே?" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடிக் கூரையை மூடினான். அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஒரு சுற்றுச் சுற்றி, அணை நீருக்கு மேலே தாழ்வாக வந்து, விமானத்தின் மூக்கைத் தூக்கினான். இடது இறக்கை மேல் நோக்கி மடிந்தது. சத்தம் கொஞ்சம் பின்னால் வந்தது, கதவு சாத்துகிற அளவுதான். பிறகு தண்ணீர். மார்னா சிரப் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் விமானத்தில் இல்லை, அதை யார் செய்தார்கள் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த ஆணிகளுக்கு மெருகேற்றியபோது நான் என்ன நினைத்தேன் என்று நேற்று கேட்டீர்கள். இறக்கை தரையிலேயே தொங்கிவிடும், பயந்துபோய் எல்லாவற்றையும் கைவிடுவார்கள் என்று நினைத்ததாகச் சொன்னேன். எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அது. தரையில் தொங்கும் என்று நினைப்பவன் செங்குத்தாக ஏறச் சொல்லமாட்டான். தெரிந்தேதான் செய்தேன். ட்ராய் பிரெண்டனைக் கொன்றது நான். எழுதியாகிவிட்டது.

விபத்தை ஆராய வந்தவர்களுக்கு இடது இறக்கையின் ஆணிகள் கிடைக்கவில்லை, தண்ணீர் அங்கே ஆழம். வலது பக்கத்து ஆணிகள் வளைந்திருந்தன, மோதிய வேகத்தில் வளைந்தது என்று எழுதினார்கள். பூட்டுக் கம்பி சரியாக மாட்டாததால் இடது ஆணி நழுவியிருக்கலாம் என்று முடித்தார்கள். அந்த 'இருக்கலாம்' மார்னாவுக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். எட்டு மாதம் தினமும் மாலை எதிர் நாற்காலியில் இருந்தாள். சாப்பிடமாட்டாள், கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். "மூணாவது கம்பியத் தொட்டேனாப்பா? தொடாமலே இருக்குன்னு சொல்லிட்டேனா? எனக்கு ஞாபகமே வரல." நான் அவள் முதுகைத் தடவிக் கொடுப்பேன். தவறு எல்லாருக்கும் வரும் என்பேன். உன்னை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள் என்பேன். என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன். ஒரு புதன்கிழமைகூடத் தவறவில்லை.

போன வாரம் சொன்னாள், இந்த ஊரில் தன்னால் இருக்க முடியாதாம். களத்துப் பக்கம் போனாலே மூச்சு முட்டுகிறதாம். ஆரிகனில் ட்ராயின் அக்கா இருக்கிறாள், அங்கே போகிறாளாம்.

"அந்த டிரெய்லர் சும்மாதானேப்பா நிக்குது? ட்ராயோட சாமானையெல்லாம் அதுல ஏத்திட்டுப் போறேன்."

ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டுத்தான் இங்கே வந்தேன். பேரிங்கைப் பார்க்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பத்து நாள் எதற்குக் காணும்? லாரி இப்போதும் வாடகைக்குக் கிடைக்கிறது.

அதனால்தான் வந்தேன். நான்கு ஆணிகளும் உங்கள் மேசையில் இருக்கின்றன. இவை நல்ல உருக்கு, யாரிடம் வேண்டுமானாலும் காட்டிச் சோதிக்கலாம். இவற்றை அவளிடமும் காட்டுங்கள். அவள் கை நான்கையும் தொட்டது, நான்கு கம்பியையும் தொட்டது, அவள்மேல் ஒரு தவறும் இல்லை என்று சொல்லுங்கள். தவறு இல்லை என்று ஆனபிறகு அவள் ஊரைவிட்டுப் போக என்ன காரணம் இருக்கிறது? என்மேல் கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள். சின்ன வயதிலும் அவளுக்குக் கோபம் ரொம்ப நாள் நிற்காது.

சிறையில் பார்வையாளர்களைச் சனிக்கிழமைகளில் விடுகிறார்களாம், விசாரித்தேன். போன ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம். ஆரிகனிலிருந்து அப்படி வாராவாரம் வர முடியாது.